பத்து மணிக்கு நிற்கும் கரண்டு

சார்ஜர் வாங்கக் கடைக்குப் போனால் முதலில் விலையைப் பார்க்காதீர்கள். அட்டையைத் திருப்பிப் பின்பக்கம் பாருங்கள். பேட்டரி நிறைய எத்தனை மணி நேரம் ஆகும் என்று பொடி எழுத்தில் போட்டிருப்பான். கண்ணாடி இல்லாமல் அது நமக்கெல்லாம் தெரியாது. கடையில் நிற்கிற பையனைக் கூப்பிட்டு வாசிக்கச் சொல்லுங்கள். நம் வயதுக்கு இனி என்ன வெட்கம்.

போன வாரம் செனாவாங்கில் ஒரு கடையில் நின்று நான் அதைத்தான் செய்தேன். ரத்த அழுத்தம் பார்க்கிற மெஷினுக்குப் பேட்டரி வாங்கிக் கட்டுப்படியாகவில்லை. திரும்பத் திரும்பச் சார்ஜ் பண்ணுகிற பேட்டரியும் அதற்கு ஒரு சார்ஜரும் வாங்கிவிடலாம் என்று போயிருந்தேன். கூட வந்த மகள், இருந்ததிலேயே மலிவானதை எடுத்துக் கூடையில் போட்டாள். நான் எடுத்து வெளியே வைத்தேன்.

"என்னாம்மா நீங்க, ராத்திரி மாட்டிட்டுப் படுத்தா காலைல ஃபுல்லா இருக்கும் லா" என்றாள்.

அவள் பிறந்ததிலிருந்து சுவரில் எந்நேரமும் கரண்டு இருக்கிற வீட்டில் வளர்ந்தவள். அவளிடம் என்ன சொல்வது? சீக்கிரம் ஏறுகிற, விலை கூடினதைத்தான் வாங்கினேன். வீடு வந்து சேரும்வரை காரில் முணுமுணுத்துக்கொண்டே வந்தாள். முணுமுணுக்கட்டும்.

உங்களிடம் சொன்னால் புரியும். தோட்டத்து லயத்து வரிசை வீடுகளில் பிறந்து டவுனில் கிழடாகிக்கொண்டிருக்கிற கூட்டம்தானே நாம். அந்தக் காலத்தில் கரண்டு எப்படி வந்தது, எப்படிப் போனது என்று நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள்.

எங்கள் தோட்டம் மந்தினிலிருந்து உள்ளே தள்ளி, செம்மண் சாலை முடிகிற இடத்தில் இருந்தது. அரசாங்கக் கரண்டு அவ்வளவு தூரம் வரவில்லை. தோட்டத்து இஞ்சின்தான் எங்களுக்கு. பொழுது சாய்கிற நேரத்தில் இஞ்சின்காரர் அதை முடுக்குவார். கடைசி லயம் வரைக்கும் தரை லேசாக அதிரும், டீசல் வாடை வரும், வீட்டுக்கு வீடு ரேடியோ பாட ஆரம்பித்துவிடும். பத்து மணி ஆனதும் விளக்கெல்லாம் ஒருமுறை அணைந்து மறுபடி எரியும். பாயை விரி, படு என்று அதற்கு அர்த்தம். கொஞ்ச நேரத்தில் இஞ்சின் நின்றுவிடும். அப்புறம் மறுநாள் சாயங்காலம் வரைக்கும் சுவரில் இருக்கிற ப்ளக் வெறும் ஓட்டைதான்.

அம்மா பால்மரம் வெட்டினாள், ரப்பர் மரத்துப் பட்டையைக் கீறிப் பால் எடுக்கிற வேலை. அப்பாவுக்குத் தோட்டத்து லாரியில் பால் ஏற்றுகிற வேலை. நான் சொல்லப்போகிற சமயத்தில் எனக்குப் பத்து வயது இருக்கும்.

அம்மாவுக்கு இருட்டில் கண் தெரியாது. பகலில் பார்த்தால் யாரும் நம்ப மாட்டார்கள், ஒரே தடவையில் ஊசியில் நூல் கோத்துவிடுவாள். பொழுது மங்கினால் வாசற்படியைக் காலால் தடவித் தடவித்தான் இறங்குவாள். இதை அவள் லயத்தில் யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் வெட்டு வேலை போய்விடும். குளிரில்தான் பால் நன்றாக ஓடும், வெயில் ஏறினால் உறைந்துவிடும் என்பதால் வெட்டு விடிவதற்கு முன்பே தொடங்கிவிடும். ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்குப் போய்ப் பெயர் கொடுத்துவிட்டு ஆளாளுக்கு நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு அவரவர் மர நிரைக்குள் போய்விடுவார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் ரப்பர் காட்டுக்குள் விளக்குகள் மட்டும் நடந்து போகும்.

அம்மாவிடம் முதலில் இருந்தது கார்பைட் விளக்கு. பித்தளையில் செய்தது, உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். கீழே இருக்கிற குப்பியில் சாம்பல் நிறக் கல்லைப் போட்டு, மேலே தண்ணீர் ஊற்றினால் ஒரு வாயு கிளம்பும். அழுகின பூண்டு வாடை. தீக்குச்சியைக் காட்டினால் புஸ்ஸென்று வெள்ளையாக எரியும். அந்த வெளிச்சத்தில் அம்மாவுக்கு மரம் நன்றாகவே தெரிந்தது. ஆனால் நெருப்பு நெருப்புதானே. ஒரு நாள் காற்றடித்து முக்காட்டுத் துணி பற்றிக்கொண்டது. காதோரத்து முடி கருகி, தோல் கொப்பளித்து வீட்டுக்கு வந்தாள். அதற்குப் பிறகு அப்பா அந்த விளக்கை அவள் கையால் தொட விடவில்லை.

பேட்டரி விளக்கு வந்தது. நெற்றியில் கட்டுகிற பட்டையில் பல்பு, இடுப்பில் தொங்குகிற பெட்டிக்குள் பெரிய பேட்டரிகள். மற்றப் பெண்கள் விளக்கு மங்கினாலும் கைப்பழக்கத்தில் வெட்டிவிடுவார்கள். அம்மாவுக்கு மங்கினால் அவ்வளவுதான். அடிக்கடி புதுப் பேட்டரி போட வேண்டியிருந்தது. மாதக் கடைசி வாரத்தில் வீட்டில் காசு இருக்காது. அந்த நாட்களில் மங்கின விளக்கோடுதான் போவாள்.

மரம் வெட்டினவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். கத்தி பட்டையோடு நிற்க வேண்டும். ஒரு மயிரிழை ஆழமாகப் போனாலும் மரத்துக்குக் காயம். காயம்பட்ட இடத்தில் பட்டை திரும்ப ஒழுங்காக வளராது. வேலையை மேற்பார்க்கிற எங்கள் மண்டோர் பகலில் நிரை நிரையாகச் சுற்றி வந்து, காயம் கண்ட மரத்தில் சிவப்புச் சாயத்தால் ஒரு கோடு இழுத்துவிட்டுப் போவார்.

ஒரு சாயங்காலம் அவர் எங்கள் வீட்டு வாசலுக்கே வந்துவிட்டார். உள்ளே வரவில்லை, சைக்கிளைப் பிடித்தபடி நின்றார்.

"ஏம்மா, ஒன் நெறையில பாக்குற மரமெல்லாம் செவப்பா இருக்கு. தொர பாத்தாருன்னா எனக்குத்தான் ஏச்சு. ஒரு மாசம் பாப்பேன். கைய சரி பண்ணிக்க. இல்லன்னா மருந்துக் கேங்குக்குப் பேர மாத்திருவேன், அப்பறம் என்னைய ஒண்ணும் சொல்லாத."

"சரி பண்ணிக்கிறேங்க மண்டோரையா" என்றாள் அம்மா. கண்ணைப் பற்றி வாயே திறக்கவில்லை.

மருந்துக் கேங்கு என்றால் களைக்கொல்லி அடிக்கிற கூட்டம். எல்லாம் பெண்கள். முதுகில் மருந்து நிரப்பின தோம்பைச் சுமந்துகொண்டு நாள் முழுக்க நீல மருந்தை அடிப்பார்கள். அவர்கள் குழாயடிக்கு வந்தால் மற்றவர்கள் வாளியைத் தள்ளி வைத்துக்கொள்வார்கள். குளித்தாலும் போகாத ஒரு வாடை அவர்களிடம் இருந்தது. அந்தக் கூட்டத்தில் ஒரு அக்காவுக்கு நகமெல்லாம் கறுத்து விழுந்திருந்தது. மண்டோர் போன பிறகு அம்மா அடுப்படியில் உட்கார்ந்து தன் கையை விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். பயந்துவிட்டாள் என்று அந்த வயதிலேயே எனக்குத் தெரிந்தது.

அப்போதுதான் சித்தப்பா இதற்குள் வந்தார். அப்பாவின் தம்பி. எங்கள் குடும்பத்தில் ஐந்தாம் படிவம் வரை பள்ளிக்கூடம் முடித்த ஒரே ஆள், செனாவாங் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. அங்கேயே மூன்று பேரோடு சேர்ந்து ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை மோட்டார் சைக்கிளில் வந்தால் கறிபாப் வாங்கி வருவார், எனக்கு ரொம்பப் பிடித்தவர். கெட்ட மனிதர் இல்லை. இதைச் சொல்லாமல் மேலே போனால் பாவம்.

"அண்ணி, இப்ப சார்ஜ் பண்ற பேட்டரி வந்துருக்கு. ஒரு தடவ வாங்கிட்டா போதும், வருஷக்கணக்குல ஓடும்" என்றார்.

அம்மாவின் முகம் மலர்ந்தது. "அப்பிடியா தம்பி? தெனமும் புதுசு மாரி எரியுமா?"

"எரியாம?"

சம்பளம் போட்ட ஞாயிறு எல்லாரும் மந்தினுக்குப் போனோம். பேட்டரிக் கடை முதலாளி, தவுக்கே என்போம், சீனர், தமிழ் நன்றாகப் பேசுவார். அப்பாவும் சித்தப்பாவும் உள்ளே போனார்கள், நானும் நுழைந்துகொண்டேன். அம்மா கடைக்கு முன்னால் அஞ்சடி நடைபாதையில் கூடையை வைத்துக்கொண்டு நின்றாள். ஆண்கள் சாமான் பார்க்கும்போது பெண்கள் வெளியே நிற்பதுதான் எங்களில் வழக்கம். புடவைக் கடை என்றால் வேறு. பேட்டரி, மோட்டார், ரேடியோ எல்லாம் ஆண்கள் சமாச்சாரம். அந்த விளக்கைக் கட்டிக்கொண்டு இருட்டில் நடக்கப்போகிற ஆள் மட்டும் கடைக்குள் இல்லை.

தவுக்கே இரண்டு சார்ஜர்களை எடுத்துக் கண்ணாடி மேல் வைத்தார்.

"இது வெல கூட. மூணு நாலு மணி நேரம், புல்லா ஏறிரும். இது மலிவு. மெதுவாத்தான் ஏறும். ராத்திரி பூரா போட்டு வையி, காலைல எடு. பேட்டரி ஒரே பேட்டரிதான், வெளிச்சம் ஒரே வெளிச்சம்தான்."

அப்பா சித்தப்பாவைப் பார்த்தார். சித்தப்பா மலிவானதைக் கையில் எடுத்து உருட்டிப் பார்த்தார்.

"இதே போதும்ணே. ராத்திரி தூங்கத்தானே போறோம், சீக்கிரமா ஏறி என்னா செய்யப் போவுது? நான் வூட்டுல இதத்தான் வெச்சிருக்கேன், ஒரு கொறையும் இல்ல."

"அதுவும் சரிதான்" என்றார் அப்பா.

இஞ்சின் பத்து மணிக்கு நின்றுவிடும் என்று அந்தக் கடையில் யாருக்கும் ஞாபகம் வரவில்லை. தவுக்கே டவுன்காரர், அவருக்குத் தெரிய வழியில்லை. சித்தப்பா டவுனுக்குப் போய் இரண்டு வருஷத்திலேயே மறந்துவிட்டார். அப்பா? தினமும் அந்த இருட்டில் படுத்து எழுந்த மனிதர். படித்த தம்பி சொல்கிறான் என்றதும் தன் வீட்டையே மறந்துவிட்டார்.

இதில் இன்னொரு கூத்தும் நடந்தது. சித்தப்பா, "மொத தடவ நானே நல்லா ஏத்திக் குடுக்கிறேன்" என்று பேட்டரியையும் சார்ஜரையும் செனாவாங்குக்கு எடுத்துக்கொண்டு போனார். அவர் வீட்டில்தான் நாள் முழுக்கக் கரண்டு இருக்கிறதே. மறுநாள் ஷிப்டு முடிந்து கொண்டுவந்து கொடுத்தார். அதைக் கட்டிக்கொண்டு அம்மா வெட்டுக்குப் போன அன்றைக்கு விடிந்து வெளுக்கும்வரை விளக்கு மங்கவே இல்லை. பாலை ஸ்டோரில் கொடுத்துவிட்டு, வாளியை ஆட்டிக்கொண்டே வந்தாள். "மரத்துல எறும்பு ஓடுறதுகூடத் தெரிஞ்சிச்சு" என்று அப்பாவிடம் சொன்னாள். என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்து, தலைக்கு எண்ணெய் வைத்துச் சடை போட்டாள். அந்த நாளை நான் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன்.

அப்பாவுக்கு ஒரே பெருமை. அந்த வாரமே பழைய சாமான் வாங்குகிறவர் வந்தபோது கார்பைட் விளக்கைத் தூக்கிக் கொடுத்துவிட்டார். பித்தளை என்பதால் அவர் சந்தோஷமாக வாங்கிக்கொண்டார்.

அதற்குப் பிறகு பேட்டரி எங்கள் வீட்டுச் சுவரில் ஏற ஆரம்பித்தது. இஞ்சின் ஓடத் தொடங்கியதும் அப்பா சார்ஜரை மாட்டுவார். சின்னதாக ஒரு சிவப்பு விளக்கு எரியும், கை வைத்தால் இளஞ்சூடாக இருக்கும். பத்து மணிக்கு இஞ்சினோடு சிவப்பு விளக்கும் போய்விடும். அதற்குள் பேட்டரியில் கால்வாசிகூட ஏறியிருக்காது. காலையில் கட்டிக்கொண்டு போகும்போது பளிச்சென்று எரியும். அதுதான் ஏமாற்றியது. அம்மா நிரையில் கால்வாசி போவதற்குள் மஞ்சளாகி, அப்புறம் சிவப்பாகி, நின்றுவிடும்.

"பாதியிலேயே போயிருதுங்க" என்றாள் அம்மா.

"மொத நாளு நல்லாத்தானே எரிஞ்சிச்சு? சார்ஜர் நல்ல சார்ஜருதான். பேட்டரிதான் போலி. சீனன் ஏமாத்திட்டான்" என்றார் அப்பா. பாவம் அந்தத் தவுக்கே, அவர் உள்ளதைத்தான் சொல்லிக் கொடுத்தார்.

பழையபடி சாதாரணப் பேட்டரியையே வாங்கிப் போடலாம் என்று அம்மா ஒருமுறை கேட்டுப் பார்த்தாள். "அவ்ளோ காசு போட்டு இத வாங்கிட்டு, மறுபடியும் அத வாங்கச் சொல்றியா?" என்று அப்பா சத்தம் போட்டார்.

அடுத்த ஞாயிறு சித்தப்பா வந்தார். விளக்கைப் போட்டு அணைத்துப் பார்த்தார். "அண்ணி, இந்தப் பேட்டரிய மிச்சம் வெச்சு ஏத்தக் கூடாது. உள்ள இருக்கிறதெல்லாம் சுத்தமா காலி பண்ணிட்டுத்தான் மாட்டணும். இல்லன்னா பழகிப் போயி பாதிதான் புடிக்கும்" என்றார். தொழிற்சாலையில் யாரோ அவருக்குச் சொன்னது. அதில் உண்மையும் இருந்ததாம், பிற்பாடு கேள்விப்பட்டேன். ஆனால் கால்வாசி ஏறுகிற பேட்டரியை வைத்துக்கொண்டு என்ன செய்வது? காட்டில் நின்றுபோன விளக்கு கொஞ்ச நேரம் ஓய்ந்தால் மறுபடி மங்கலாக எரியும். அன்றிலிருந்து அம்மா வெட்டு முடிந்து வந்ததும் அதைச் சமையல்கட்டில் எரிய விட்டு, இருந்த மிச்சத்தையும் தீர்த்தாள். பட்டப்பகலில், தண்ணீர்ப் பானைக்கு மேல் அந்த விளக்கு தொங்கி எரிந்துகொண்டிருக்கும். அது அணைந்துவிட்டதா என்று பார்க்க என்னைத்தான் அனுப்புவாள்.

பள்ளி விடுமுறை வந்தது. மரத்தில் உறைந்து ஒட்டியிருக்கிற ஒட்டுப்பால் பொறுக்க நானும் அம்மாவோடு நிரைக்குப் போனேன். கொசு காதுக்குள் புகுந்தது. விளக்கு எரிந்தவரைக்கும் அம்மா வேகமாகத்தான் வெட்டினாள், சரக் சரக்கென்று பட்டைச் சுருள் காலில் விழுந்தது. விளக்கு மஞ்சளானதும் மரத்துக்கு இன்னும் நெருங்கி நின்றாள். அது சிவப்பாகிச் செத்ததும் நின்றுவிடுவாள் என்று நினைத்தேன். அவள் நிற்கவில்லை. இடது கையால் பட்டையைத் தடவினாள். நேற்றைய வெட்டு எங்கே முடிந்தது என்று விரல்நுனியால் தேடினாள். கண்டுபிடித்த இடத்தில் விரலை வைத்துக்கொண்டே, விரலுக்குக் கீழே கத்தியை ஓட்டினாள்.

"அம்மா, விடிஞ்சப்பறம் வெட்டலாம்மா" என்றேன்.

"விடிஞ்சா பாலு வராது பாப்பா. நீ அந்த மரத்துக்கிட்ட போய் நில்லு, நான் ஒன் கொரல் வெச்சு வரேன்."

நான் அடுத்த மரத்தடியில் நின்று "அம்மா, இங்க" என்றேன். அவள் கையை நீட்டிக்கொண்டு வந்தாள். அதற்கடுத்த மரத்தில் நின்று கூப்பிட்டேன். அப்படியேதான் வெளுக்கும்வரை வெட்டினாள். வெளிச்சம் வந்து பார்த்தபோது பட்டையில் பாலோடு ரத்தமும் கலந்து ஒழுகியிருந்தது. விரலை இரண்டு இடத்தில் வெட்டிக்கொண்டிருக்கிறாள், எனக்குச் சத்தம்கூடக் கேட்கவில்லை. அவள் வெட்டின அந்த வரிசை முழுக்க மரம் காயமாகியிருந்தது. அவளுக்கே தெரிந்தது. ஒவ்வொரு மரமாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டு திரும்பி நடந்தாள்.

மண்டோர் சொன்னபடி ஒரு மாதம் பார்த்தார். அவரையும் குற்றம் சொல்ல மாட்டேன், கண் தெரியாத கதை அவருக்கு யார் சொன்னது? மாதம் முடிந்ததும் பெரட்டில் அம்மாவின் பெயர் மருந்துக் கேங்கில் கூப்பிடப்பட்டது.

"சம்பளம் கொறச்சல்தான். ஆனா விடிஞ்சப்பறம்தானே வேல. இருட்டுல போயித் தடுமாற வேண்டாம், ஒனக்கு அதான் நல்லது" என்றார் அப்பா. ஆறுதலாகச் சொன்னதாகத்தான் அவர் நினைத்திருப்பார்.

"ஆமாங்க" என்றாள் அம்மா.

கையுறை கிடையாது. மூக்கில் கட்டிக்கொள்ளப் பழைய சட்டையைக் கிழித்து வைத்திருந்தாள், பத்து மணி வெயிலில் அதையும் கழற்றிவிடுவார்கள், மூச்சு முட்டும். தோம்பு ஒழுகி முதுகு நனையும். காற்று எதிரே அடித்தால் மருந்து முகத்திலேயே திரும்பி விழும். ஆறே மாதத்தில் அவள் நகங்களும் கறுத்தன. சாப்பிடும்போது சோற்றில் மூக்கு ரத்தம் சொட்டும், தட்டைத் தள்ளி வைத்துவிட்டுத் தலையை அண்ணாந்து உட்காருவாள். தோட்டத்து மருந்தகத்து டிரஸர் தந்த மாத்திரை வெள்ளையாக ஒன்று, மஞ்சளாக ஒன்று. அவர் யாருக்கும் அதைத்தான் தருவார். குழாயடியில் அம்மா வந்தால் இப்போது மற்றவர்கள் வாளியைத் தள்ளி வைத்தார்கள். நான் அவள் பக்கத்தில்தான் படுத்தேன். அந்த வாடை எனக்குப் பழகிவிட்டது.

மறு வருஷம் தீபாவளிக்கு முன்பு அரசாங்கக் கரண்டு வந்தது. கம்பம் நட்டு, கம்பி இழுத்து, இஞ்சினை ஒரேயடியாக நிறுத்திவிட்டார்கள். அன்று ராத்திரி பத்து மணிக்கு லயமே விழித்திருந்தது, விளக்கு அணையவில்லை. அப்பாவுக்கு என்ன தோன்றியதோ, மூலையில் கிடந்த சார்ஜரைத் துடைத்துப் பேட்டரியைப் போட்டு மாட்டினார். காலையில் எழுந்தபோதும் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அடுத்த ஞாயிறு சித்தப்பா வந்து அந்த விளக்கைப் போட்டார். வீடு முழுக்க வெளிச்சம். அவர் அப்பாவைப் பார்த்தார், சார்ஜரைப் பார்த்தார், பூட்டிக் கிடந்த இஞ்சின் வீட்டைப் பார்த்தார். சித்தப்பா அன்றைக்குச் சாப்பிடாமலே கிளம்பினார்.

அம்மா அதற்குப் பிறகு அதிக காலம் இருக்கவில்லை. நான் இடைநிலைப்பள்ளியில் சேர்ந்த வருஷம், சிரம்பான் ஆஸ்பத்திரியில், நெஞ்சு அடைத்து, மூச்சுக்குத் தவித்துப் போய்ச் சேர்ந்தாள். சான்றிதழில் என்னமோ எழுதினார்கள், மருந்தைப் பற்றி இல்லை. அவளுடைய சாவைவிட எனக்கு அடிக்கடி நினைவுக்கு வருவது வேறு ஒரு சாயங்காலம்.

புதுக் கரண்டு வந்து சில மாதம் ஆகியிருந்தது. அம்மா இரண்டு நாளாகச் சோறு விழுங்க முடியாமல் கஞ்சி மட்டும் குடித்துக்கொண்டிருந்தாள். தொண்டையில் முள் மாட்டிக்கொண்டு நிற்கிறது, மீன் முள்தான், பார்த்து எடுத்துவிடுங்கள் என்றாள். நாங்கள் அந்த வாரம் மீன் வாங்கவே இல்லை. அப்பா அவளை முக்காலியில் உட்கார வைத்தார். அந்த விளக்கை எடுத்துத் தன் நெற்றியில் கட்டிக்கொண்டு, போட்டார். எதிர்ச் சுவரில் ஆணி அடித்த ஓட்டைகூடத் தெரிந்தது.

அம்மா கண்ணை மூடிக்கொண்டு வாயைத் திறந்தாள். அப்பா குனிந்து பார்த்தார். நான் அவர் தோளுக்குப் பக்கத்தில் நின்று பார்த்தேன். நாக்கும் அண்ணமும் உள்தொண்டையும் வெந்துபோய்க் கிடந்தன. வெள்ளை வெள்ளையாகத் தோல் உரிந்திருந்தது. முள் எதுவும் இல்லை. அவர் வெகுநேரம் குனிந்தபடியே நின்றார்.

"என்னாங்க, தெரியுதா?" என்று அம்மா கேட்டாள்.

"ஒண்ணும் தெரியல புள்ள" என்றார் அப்பா. "வெளிச்சம் பத்தல."